கர்ப்பப்பைக்குள் தாயின் வெள்ளை அணுக்கள் என்ன செய்கின்றன?

கேள்வி இதுதான். குழந்தையில் பாதி அப்பாவின் ஜீன். அப்படியானால் அம்மாவின் உடம்புக்கு அது வெளியாள்தானே, நோய் எதிர்ப்புச் சக்தி அதை ஏன் தாக்குவதில்லை? மாசமாக இருக்கும்போது எதிர்ப்புச் சக்தி குறைந்துவிடும் என்கிறார்களே, அதனால்தானா? கூடவே இன்னொன்று: கேட்டவரின் அக்காவுக்கு மூன்று முறை கரு கலைந்திருக்கிறது, "ரத்தத்தில் என்.கே. செல் அதிகம், அதுதான் கருவைக் கொல்கிறது, அதை அடக்க மருந்து ஏற்ற வேண்டும்" என்று ஒரு கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். நம்பலாமா?

கடைசிக் கேள்விக்குத்தான் அவசரம் என்று புரிகிறது. ஆனால் முதல் இரண்டையும் தாண்டாமல் அதற்கு வந்தால் நான் சொல்வதும் இன்னொரு அபிப்பிராயமாகத்தான் நிற்கும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், நீளமாகத்தான் போகும்.

நம் ஊரில் மகனுக்கு அம்மா கிட்னி கொடுப்பது அதிசயமில்லை. ஆனால் கிட்னி வைத்த நாளிலிருந்து அந்த மகன் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையைக் காலையும் இரவும் தவறாமல் விழுங்கியாக வேண்டும், கொஞ்ச நாள் விட்டாலே அம்மாவின் கிட்னியை அவன் உடம்பு தள்ள ஆரம்பித்துவிடும். இதே மகன் இதே அம்மாவின் வயிற்றில் ஒன்பது மாதம் ஒட்டிக்கொண்டு, அவள் ரத்தத்திலேயே வளர்ந்து, ஒரு மாத்திரையும் இல்லாமல் வெளியே வந்தவன். இது எப்படி என்று யோசித்தால் மண்டை காய வேண்டும், ஆனால் தினமும் நடப்பதால் நமக்கு உறைப்பதில்லை.

இதை முதலில் ஒரு அறிவியல் கேள்வியாக எழுதி வைத்தவர் பீட்டர் மெடவார். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் கிளாஸ்கோவில் தீக்காயம் பட்டவர்களுக்கு அடுத்தவர் தோலை ஒட்டிப் பார்த்தவர், ஒருவரின் தோலை இரண்டாம் முறை ஒட்டும்போது அது முதல் முறையைவிட வேகமாக உதிர்கிறது என்று கவனித்தவர், அதாவது உடம்பு ஆளை ஞாபகம் வைத்துக்கொள்கிறது என்று பிடித்தவர். 1953-இல் அவர் கர்ப்பத்தைப் பற்றி மூன்று யூகங்களை முன்வைத்தார்: தாய்க்கும் குழந்தைக்கும் நடுவே சுவர் இருக்கலாம், அல்லது கரு இன்னும் முதிராததால் அதில் அடையாளம் காண ஒன்றும் இல்லாமல் இருக்கலாம், அல்லது தாயின் எதிர்ப்புச் சக்தி மந்தமாகிவிடலாம். 1960-இல் அவருக்கு நோபல் கிடைத்தது, ஆனால் இந்த யூகங்களுக்காக அல்ல. இவற்றில் இரண்டு தவறு, ஒன்று அரைகுறை. "மாசமா இருக்கறப்போ எதிர்ப்புச் சக்தி கம்மி" என்று இன்றைக்கும் நாம் சொல்வது அந்த மூன்றாவது யூகத்தின் மிச்சம்தான்.

சுவர் விஷயம் ஏன் அரைகுறை என்றால், நஞ்சுக்கொடி என்பது ஒரு எல்லைச் சுவர் மாதிரி சும்மா நிற்பதில்லை. குழந்தையின் பக்கத்துச் செல்கள், ட்ரோஃபோபிளாஸ்ட் என்று பெயர், தாயின் கர்ப்பப்பைச் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்குகின்றன. உள்ளே இறங்கி அங்கே தாயின் வெள்ளை அணுக்களோடு தோளோடு தோள் உரசிக்கொண்டு உட்காருகின்றன.

நான் திசுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன், அதனால் இதைக் கண்ணால் பார்த்துச் சொல்கிறேன். ஆரம்ப மாதங்களில் கலைந்த கருவோடு கர்ப்பப்பையின் உள்தோலும் பரிசோதனைக்கு வரும். கர்ப்பத்துக்காகத் தடித்த அந்தத் தோலுக்கு டெசிடுவா என்று பெயர், உதிர்ந்துபோவது என்று அர்த்தம். சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் வெளிர் பிங்க் நிறத்தில் பெரிய பெரிய செல்கள் பரந்து கிடக்கும், அவற்றின் இடுக்குகளில் கருநீலப் புள்ளிகளாகச் சின்னச் சின்ன வட்டச் செல்கள் இறைந்து கிடக்கும், கேழ்வரகைச் சிந்திவிட்ட மாதிரி. புதிதாக வரும் மாணவர்கள் பத்தில் எட்டுப் பேர் "இன்ஃபெக்‌ஷனா சார்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வேறு எந்த உறுப்பில் இத்தனை வெள்ளை அணுக்களைப் பார்த்தாலும் நானே அப்படித்தான் எழுதுவேன். ஆனால் இந்த இடத்தில் அதுதான் ஆரோக்கியம். வழக்கமாகக் கரு உட்காருவது படை நிறைந்த இடத்தில்தான்.

அந்தப் புள்ளிகளில் சுமார் 70 சதவீதம் என்.கே. செல்கள். ஆமாம், உங்கள் அக்காவின் ரிப்போர்ட்டில் இருக்கும் அதே பெயர். நேச்சுரல் கில்லர், இயற்கையாகவே கொல்லும் செல் என்று ரத்தத்தில் அது பார்க்கும் வேலையைப் பார்த்து வைத்த பெயர்: அங்கே அது வைரஸ் புகுந்த செல்லையும் புற்றுச் செல்லையும் தேடிக் கொல்கிறது. கர்ப்பப்பையில் இருப்பது அதே குடும்பத்துப் பிள்ளை, ஆனால் குணம் வேறு. மேலே இருக்கும் அடையாளப் புரதங்கள் வேறு, கொல்லும் திறன் குறைவு. கொல்வதற்கான சரக்கு எல்லாம் வயிற்றில் மணி மணியாக இருக்கிறது, ஆனாலும் சாதாரணமாக அதை வீசுவதில்லை. பெயர் வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் அந்த செல்லை வேறு ஊரில் பார்த்தார்கள். ஆனால் இந்தப் பெயரால் எத்தனை பெண்கள் பயந்துபோயிருக்கிறார்கள் என்று நினைத்தால் எரிச்சலாக வரும்.

இன்னொரு விஷயம். இந்தச் செல்கள் கருவைப் பார்த்துவிட்டு ஓடி வருபவை அல்ல. ஒவ்வொரு மாதமும் முட்டை வெளியான பிறகு கர்ப்பப்பையின் உள்தோலில் இவை பெருக ஆரம்பிக்கின்றன, கரு இருந்தாலும் இல்லாவிட்டாலும். கரு வரவில்லை என்றால் மாதவிலக்கோடு அந்த ஏற்பாடெல்லாம் கலைந்துவிடும், அடுத்த மாதம் மறுபடி முதலிலிருந்து. கரு தங்கினால் முதல் மூன்று மாதம் இவர்கள் ராஜ்ஜியம்தான், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து பிரசவ நேரத்தில் சிலரே மிஞ்சுவார்கள். எந்தச் சமயத்தில் கூட்டம் கூடுகிறது என்று பார்த்தாலே வேலை என்ன என்று பாதி புரிந்துவிடும்: நஞ்சுக்கொடி அஸ்திவாரம் போடும் காலம் அது.

அந்த வேலை ரத்தக் குழாய் வேலை. கர்ப்பப்பைச் சுவரில் சுருள் சுருளாகத் தமனிகள் இருக்கின்றன. சாதாரண நாளில் அவை குறுகலானவை, சுற்றிலும் தசை உண்டு, உடம்பில் அட்ரினலின் ஏறினால் இறுகிக்கொள்ளும். இதே குழாய் அப்படியே நஞ்சுக்கொடிக்கு ரத்தம் விட்டால் என்ன ஆகும் தெரியுமா? பம்ப்செட் குழாயை நேராக நாற்றங்காலில் பிடித்த கதைதான், நாற்று வேரோடு அரித்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் தண்ணீரைத் தொட்டியில் விழவிட்டு, வேகத்தை அடக்கி, வாய்க்காலில் விடுகிறோம். கர்ப்பப்பையிலும் அதே ஏற்பாடு. என்.கே. செல்களும், மேக்ரோஃபேஜ் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்களும் முதலில் அந்தத் தமனிகளின் சுவரைத் தளர்த்த ஆரம்பிக்கின்றன, பிறகு குழந்தையின் ட்ரோஃபோபிளாஸ்ட் செல்கள் வந்து தசையைத் தின்று அந்த இடத்தில் தாங்களே உட்காருகின்றன. குறுகலான குழாய் புனல் மாதிரி வாய் அகன்ற வாய்க்காலாக மாறுகிறது. இனி தாயின் உடம்பில் எந்த ஹார்மோன் ஏறினாலும் அது இறுகாது, இறுக்கத் தசையே இல்லை. மாதம் நிறையும்போது நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் கர்ப்பப்பைக்குப் போகிறது, மெதுவாக, நின்று நிதானமாக. கனடாவில் ஆன் க்ராய் குழுவினர் என்.கே. செல்களே இல்லாத எலிகளை 1990-களில் ஆராய்ந்தபோது இந்தத் தமனிகள் குறுகலாகவே, தடித்த சுவரோடு நின்றுவிட்டதைப் பார்த்தார்கள். எலியில் ட்ரோஃபோபிளாஸ்ட் அவ்வளவு ஆழம் இறங்காது, அதனால் நம்மை அப்படியே அதில் பார்க்க முடியாது, ஆனாலும் யார் கொத்தனார் என்பது அதில் தெளிவாகிவிட்டது.

இந்த வேலை அரைகுறையாக நின்றால் என்ன ஆகும் என்பது நீங்கள் கேள்விப்பட்ட விஷயம்தான், பெயர் மட்டும் வேறாக இருக்கும். 20 வாரத்துக்கு மேல் பிரஷர் 140/90-ஐத் தாண்டுவது, யூரினில் புரதம் போவது, முகமும் காலும் வீங்குவது, சிலருக்கு வலிப்பு வரைக்கும் போவது. ப்ரீஎக்லாம்ப்சியா. குழந்தையின் வளர்ச்சி குன்றிப்போவதற்கும் பல நேரங்களில் இதே காரணம். பிரஷர் ஏறுவது ஆறாம் ஏழாம் மாதத்தில், ஆனால் கோளாறு விதைக்கப்படுவது மூன்றாம் நான்காம் மாதத்திலேயே, தமனி வாய்க்காலாகாமல் நின்ற அன்றே.

இப்போது இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். மெதுவாகப் படியுங்கள், கிளினிக் சொன்னதற்குப் பாதி பதில் இங்கேயே இருக்கிறது.

கிட்டத்தட்ட ஒவ்வொரு செல்லும் தன் மேல் எச்.எல்.ஏ. என்ற அடையாள அட்டையை மாட்டிக்கொண்டிருக்கும். கிட்னி மாற்றும்போது பொருந்துகிறதா என்று பார்ப்பது இதைத்தான். ட்ரோஃபோபிளாஸ்ட் கெட்டிக்காரத்தனமாக, அதிகம் சண்டை கிளப்பும் ஏ, பி வகை அட்டைகளைக் கழற்றி வைத்துவிடுகிறது. சி, ஈ, ஜி என்ற மூன்றை மட்டும் மாட்டிக்கொண்டு தாயின் சுவருக்குள் இறங்குகிறது. தாயின் ரத்தத்தில் நேராக நனையும் நஞ்சுக்கொடியின் மேல்தோலோ எந்த அட்டையும் மாட்டுவதில்லை. ஈயும் ஜியும் ஆளுக்கு ஆள் அதிகம் மாறுவதில்லை. சி மட்டும் மாறும், அதில் ஒன்று அப்பாவிடமிருந்து வந்தது. அப்பாவின் அந்த அட்டையைத் தாயின் என்.கே. செல் கே.ஐ.ஆர். என்ற கையால் தொட்டுப் பார்க்கிறது. அந்தக் கையும் ஆளுக்கு ஆள் வேறு: சிலருக்கு "அடங்கு" என்று சொல்லும் வகை மட்டும் மேலோங்கி இருக்கும், சிலருக்கு "கிளம்பு" என்று சொல்லும் வகையும் சேர்ந்திருக்கும்.

கேம்பிரிட்ஜில் ஆஷ்லி மொஃபெட் குழுவினர் 2004-இல் பிரஷர் வந்த தாய்மார்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். யாருக்கு ஆபத்து அதிகம்? நாம் நினைப்பது, தாயின் செல் ஆவேசமாகத் தாக்கும் ஜோடிக்கு என்று. இல்லை. தாய்க்கு "அடங்கு" வகைக் கை மட்டும் இருந்து, குழந்தைக்கு அதை அழுத்தமாகத் தட்டும் சி-2 வகை அட்டை இருந்தால்தான் ஆபத்து கூடுகிறது. அதாவது என்.கே. செல் அளவுக்கு மீறி அடங்கிப்போனால்தான் பிரச்சினை. அது கொஞ்சம் உசுப்பப்பட்டால் வளர்ச்சிக்கான பொருள்களைச் சுரக்கும், ட்ரோஃபோபிளாஸ்டை உள்ளே வரவழைக்கும். ஒரேயடியாக அடங்கிவிட்டால் வாசலில் யாரும் கூப்பிட ஆளில்லை, குழந்தையின் செல்கள் மேலோடு நின்றுவிடுகின்றன, தமனி குறுகலாகவே கிடக்கிறது. இதற்கு மறுபக்கமும் பிற்பாடு கிடைத்தது: "கிளம்பு" வகைக் கை உள்ள தாய்மார்களுக்குச் சில ஜோடிப் பொருத்தங்களில் குழந்தையின் எடை கூடுகிறது. எடை ரொம்பக் கூடினாலும் பிரசவத்தில் சிக்கல்தான், அதனால் இரண்டு வகையும் மனித இனத்தில் தங்கிவிட்டன என்று நினைக்கிறார்கள். உகாண்டாவின் கம்பாலாவில் 2015-இல் இதே கேள்வியைக் கேட்டுப் பார்த்தபோது அங்கே பெண்களைக் காப்பது வேறொரு "கிளம்பு" வகை என்று தெரிந்தது. ஐரோப்பாவில் கண்டதை உலகம் முழுவதற்கும் அப்படியே ஒட்ட முடியாது, ஆனால் தத்துவம் மாறவில்லை.

ஆக, "என்.கே. செல் கருவைக் கொல்கிறது, அடக்க வேண்டும்" என்ற வாக்கியம் பாடத்தைத் தலைகீழாகப் படித்தது.

இந்தச் செல்கள் கொல்வதே இல்லையா என்றால், கொல்லும், கொல்ல வேண்டியதை. லிஸ்டீரியா என்று ஒரு பாக்டீரியா உண்டு, காய்ச்சாத பால், அதில் செய்த மெதுமெதுப்பான சீஸ் வழியாக வரும், கருவைக் கலைக்கக்கூடியது. அது ட்ரோஃபோபிளாஸ்ட் செல்லின் உள்ளே போய்ப் பதுங்கிக்கொள்ளும். இப்போது என்.கே. செல்லுக்குத் தர்மசங்கடம். வழக்கமான பாணியில் அந்தச் செல்லையே கொன்றால் பாக்டீரியா சாகும், நஞ்சுக்கொடியும் ஓட்டையாகும். 2020-இல் வெளியான ஒரு ஆய்வில் என்ன பார்த்தார்கள் என்றால், கர்ப்பப்பை என்.கே. செல் ஒரு மெல்லிய குழாயை நீட்டி ட்ரோஃபோபிளாஸ்டோடு இணைகிறது, அதன் வழியாக கிரானுலைசின் என்ற பொருளை மட்டும் உள்ளே அனுப்புகிறது. செல்லைக் கொல்லும் மற்றச் சரக்கு எதுவும் போவதில்லை. கிரானுலைசின் பாக்டீரியாவின் தோலைக் கிழிக்கும், மனிதச் செல்லின் தோலை அந்த அளவில் ஒன்றும் செய்யாது. உள்ளே பாக்டீரியா செத்துக் கிடக்கிறது, ட்ரோஃபோபிளாஸ்ட் அலுங்காமல் வேலையைத் தொடர்கிறது. வீட்டுக்குள் பாம்பு புகுந்தால் வீட்டைக் கொளுத்தாமல் பாம்பை மட்டும் அடிப்பது போல.

சரி, என்.கே. செல்லையே பேசிக்கொண்டிருந்தால் மற்றவர்கள் கோபித்துக்கொள்வார்கள். மேக்ரோஃபேஜ் அந்த இடத்தில் கிட்டத்தட்ட 20 சதவீதம், இடிக்கும்போது விழும் குப்பையை அள்ளுவது முக்கிய வேலை. மீதியில் டி செல்கள். உண்மையில் ஒட்டிய உறுப்பைத் தள்ளிவிடுவது இந்த டி செல்கள்தான், அதனால் இவற்றை அடக்குவதற்கென்றே ஒரு வகை டி செல் இருக்கிறது, டி-ரெக் என்பார்கள். தெருச்சண்டையில் நடுவில் புகுந்து இரண்டு பக்கமும் கையைப் பிடிக்கும் பெரியவர் மாதிரி. 2004-இல் எலிகளில் டி-ரெக்கை எடுத்துவிட்டுப் பார்த்தபோது, அப்பா வேறு வம்சமாக இருந்த கருக்கள் தங்கவில்லை, ஒரே வம்சத்துக் கருக்கள் தங்கின.

அதைவிடச் சுவாரசியமானது 2012-இல் சின்சினாட்டியில் கண்டது. முதல் கர்ப்பத்தில் அப்பாவின் அடையாளத்தைப் பழகிய டி-ரெக் செல்கள் பிரசவத்தோடு மறைந்துவிடுவதில்லை. எண்ணிக்கை குறைந்து, ஞாபகத்தோடு காத்திருக்கின்றன, அதே அடையாளத்தோடு அடுத்த கரு வந்ததும் சட்டென்று பெருகுகின்றன. தடுப்பூசி போட்டால் உடம்பு எதிரியை ஞாபகம் வைப்பது தெரியும், இங்கே அது சொந்தக்காரனை ஞாபகம் வைக்கிறது. இதுவும் எலியில்தான். ஆனால் பிரஷர் பிரச்சினை தலைப்பிரசவத்தில் அதிகம், அடுத்ததில் குறைவு என்பது மகப்பேறு மருத்துவர்கள் காலங்காலமாகப் பார்ப்பது, அதற்கு இது ஒரு விளக்கமாக இருக்கலாம். கல்யாணமாகி ரொம்பக் கொஞ்ச நாளிலேயே கரு தங்கியவர்களுக்கும், தானமாக வந்த முட்டையில் கரு தங்கியவர்களுக்கும் ப்ரீஎக்லாம்ப்சியா கூடுதல் என்பதும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. கணவரின் விந்தோடு பழகப் பழகத் தாயின் டி-ரெக் தயாராகிறது என்று ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் சாரா ராபர்ட்சன் நீண்ட காலமாக ஆராய்ந்து வருகிறார். தானமாக வந்த முட்டை என்றால் குழந்தையின் பாதி அல்ல, முழுசுமே தாய்க்கு அந்நியம். அப்படியும் பெரும்பாலான கர்ப்பங்கள் நல்லபடியாக முடிகின்றன. பாதி அந்நியம் என்பதற்கே நாம் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருக்கிறோம்!

அப்படியானால் எதிர்ப்புச் சக்தி குறைகிறதா இல்லையா? "குறைகிறது" என்ற சொல்தான் தகராறு. முழு உடம்பும் அடங்கிவிட்டால் ஊரில் ஒரு சளிக் காய்ச்சல் வந்தாலே கர்ப்பிணிகள் யாரும் தப்ப மாட்டார்கள். சில நோய்கள் கடுமையாகின்றன என்பது உண்மை. 2009-இல் பன்றிக்காய்ச்சல் பரவியபோது கர்ப்பிணிகளை அதிகம் பாதித்தது. ஈ வகை மஞ்சள் காமாலை, அசுத்தமான தண்ணீரில் வருவது, நம் நாட்டில் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் வந்தால் 20 முதல் 25 சதவீதம் பேர் வரை உயிரைப் பறித்திருக்கிறது. கொதிக்கவைத்த தண்ணீர்தான் குடிக்க வேண்டும் என்று மாமியார் விரட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் தடுப்பூசி போட்டால் கர்ப்பிணியின் உடம்பு நன்றாகவே எதிர்ப்பொருள் செய்கிறது, மந்தமான உடம்பு அதைச் செய்யாது. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் போடும் டெட்டனஸ் தடுப்பூசி, பலரும் இன்னும் டி.டி. ஊசி என்றே சொல்வது, தாயின் பி செல்களைத் தூண்டுகிறது, அவை செய்யும் ஐ.ஜி.ஜி. எதிர்ப்பொருளை நஞ்சுக்கொடி ஆள் வைத்து இழுத்துக்கொள்கிறது. சும்மா கசிவதில்லை, அதற்கென்றே ஒரு ஏற்பி இருக்கிறது, மாதம் நிறைந்த குழந்தையின் ரத்தத்தில் தாயிடம் இருப்பதைவிடவே ஐ.ஜி.ஜி. அதிகமாக இருக்கும். பச்சிளங்குழந்தைக்கு ஜன்னி கண்டு சாவது ஒரு காலத்தில் சாதாரணம். 2015-இல் அந்த டெட்டனஸ் இந்தியாவில் ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் உறுதி செய்தது. சுத்தமான பிரசவத்துக்கு அதில் பெரிய பங்கு, தாயின் பி செல்லுக்கு மீதிப் பங்கு.

எதிர்ப்புச் சக்தி குறைவதில்லை, இடத்துக்கு இடம், மாதத்துக்கு மாதம் சுபாவம் மாறுகிறது என்பதுதான் சரி. மூட்டு வாதம் இருப்பவர்களைக் கேளுங்கள். எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸில் விரல் மடக்க முடியாமல் இருந்த பெண், கர்ப்பத்தில் மாவு பிசைவாள், குழந்தை பிறந்து சில மாதத்தில் வலி திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். அமெரிக்காவின் பிலிப் ஹென்ச் 1938-இல் இதை எழுதினார், அந்த நிம்மதியைத் தரும் பொருள் எது என்று தேடிப்போய்தான் கார்ட்டிசோன் என்ற அழற்சியை அடக்கும் மருந்தில் முடிந்தது, 1950-இல் நோபலும் வந்தது. ஆனால் எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கும் இன்னொரு நோயான லூபஸ் இருப்பவர்களுக்கு இதே கர்ப்பம் நோயைக் கிளப்பிவிடலாம். ஒரே "குறைவு" என்றால் இரண்டும் அடங்கியிருக்க வேண்டுமே.

தாயின் எதிர்ப்புச் சக்தி விழித்திருக்கிறது என்பதற்கு ஊரறிந்த சாட்சி நெகட்டிவ் குரூப். தாய் ஆர்.எச். நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ் என்றால் முதல் பிரசவத்தில் குழந்தையின் ரத்தம் தாயின் உடம்பில் கலக்கும், பி செல்கள் அதைப் பார்த்து மனப்பாடம் செய்யும், அடுத்த பாசிட்டிவ் குழந்தை வரும்போது அதன் சிவப்பணுக்களை உடைக்கும். 28-ஆம் வாரத்திலும் பிரசவமாகி 72 மணி நேரத்துக்குள்ளும் போடும் ஆன்ட்டி-டி ஊசி, பி செல் மனப்பாடம் செய்வதற்கு முன்பே பாடப்புத்தகத்தைப் பிடுங்கிவிடும் வேலை. கரு கலைந்தாலும் போட வேண்டி வரும், அக்கா நெகட்டிவாக இருந்தால் இதை ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு கிளைக்கதை, சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1954-இல் ரே ஓவன் என்பவரும் கூட்டாளிகளும் நெகட்டிவ் தாய்மார்களைப் பார்த்து ஒரு விசித்திரத்தைச் சொன்னார்கள்: எவளுடைய அம்மா, அதாவது குழந்தையின் பாட்டி, பாசிட்டிவோ அவளுக்கு இந்த எதிர்ப்பொருள் உண்டாவது குறைவு. அவள் தன் தாயின் வயிற்றில் இருந்தபோதே பாசிட்டிவ் ரத்தத்தோடு பழகிவிட்டாள். நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் செல்கள் கொஞ்சம் குழந்தைக்குள் போகும், குழந்தையின் செல்கள் கொஞ்சம் தாய்க்குள் வரும், இரண்டும் போன இடத்திலேயே குடியிருக்கும். 1996-இல் டயானா பியாங்கி குழுவினர் ஒரு பெண்ணின் ரத்தத்தில் ஆண் செல்களைக் கண்டார்கள், அவள் மகனைப் பெற்று 27 வருடம் ஆகியிருந்தது. போன செல்கள் சும்மா இருப்பதும் இல்லை: 2008-இல் மனிதக் கருவின் நிணநீர்க் கணுக்களில் தாயின் செல்கள் இருப்பதையும், அவற்றைச் சகித்துக்கொள்ள அந்தக் கரு தன் டி-ரெக்கை வளர்ப்பதையும் பார்த்தார்கள். 2015-இல் எலிகளில் இன்னும் ஒரு தலைமுறை போனது. பாட்டியின் செல்கள் மகளுக்குள் தங்கி, மகள் மாசமானபோது அந்தக் கருவைத் தள்ளாமல் இருக்க உதவின. நம் வீட்டில் பிரசவத்துக்கு அம்மா வந்து கூட இருப்பது ஒரு பக்கம், உள்ளேயும் கொஞ்சம் வந்து இருக்கிறாள் போலிருக்கிறது.

பிரசவ வலியிலும் இந்தச் செல்களுக்கு வேலை உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நடு மாதங்களில் அமைதி, கடைசியில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுவும் மேக்ரோஃபேஜும் கர்ப்பப்பை வாயிலும் தசையிலும் குவிந்து அந்த வாயை இளக்குகின்றன. திட்டமிட்ட அழற்சி என்றே சொல்லலாம். சிறுநீர்த் தொற்றோ வேறு தொற்றோ வந்தால் நாள் வரும் முன்பே இது கிளம்பிவிடும், குறைமாதப் பிரசவத்துக்கு ஒரு பெரிய வாசல் அது. 2017-இல் ஸ்டான்ஃபோர்டில் கர்ப்பிணிகளின் ரத்தத்தை மும்மாதத்துக்கு ஒரு முறை எடுத்து, வெள்ளை அணுக்களின் நடவடிக்கையை வைத்தே எத்தனையாவது வாரம் என்று கணக்கிட முடிகிறது என்று காட்டினார்கள். அவ்வளவு ஒழுங்காக நடக்கிறது.

இப்போது அக்காவின் விஷயம்.

கையில் ஊசி குத்தி எடுத்த ரத்தத்தில் இருக்கும் என்.கே. செல் எண்ணிக்கை, கர்ப்பப்பைக்குள் இருப்பவர்களைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. இரண்டும் வேறு ஆட்கள். ரத்தத்து எண்ணிக்கையோ பதற்றம், ஓட்டம், எந்த நேரத்தில் ஊசி குத்தினார்கள் என்பதற்கெல்லாம் ஏறி இறங்கும். மூன்று முறை இழந்த ஒரு பெண் லேபில் உட்கார்ந்திருக்கும்போது பதற்றமில்லாமல் வேறு எப்படி இருப்பாள்? ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதல் இந்த டெஸ்டை எடுக்கச் சொல்வதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்கிறது. இதை அடக்கவென்று ஏற்றப்படும் இன்ட்ராலிப்பிட் என்ற சோயா எண்ணெய் மருந்துக்கும் உறுதியான ஆதாரம் கிடையாது, பில் மட்டும் உறுதி.

இதைவிட ஒரு சிகிச்சையைப் பற்றி எச்சரிக்க வேண்டும். கணவரின் வெள்ளை அணுக்களை எடுத்து மனைவிக்கு ஊசியாகப் போடுவது, இன்றும் சில இடங்களில் சொல்கிறார்கள். கேட்பதற்குத் தர்க்கமாக இருக்கும், மேலே நான் சொன்ன பழக்கப்படுத்தும் கதை மாதிரியே இருக்கும். 1999-இல் முறையாகச் சோதித்தபோது ஊசி போட்டவர்களில் 36 சதவீதம் பேருக்கும், போடாதவர்களில் 48 சதவீதம் பேருக்கும் கர்ப்பம் நிலைத்தது. போடாதவர்களே தேவலை. 2002-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் ஆராய்ச்சிக்கு வெளியே இதைச் செய்யக்கூடாது என்று நிறுத்தியது. ஐரோப்பிய வழிகாட்டுதலும் வேண்டாம் என்றே சொல்கிறது. அழகான கதை என்பதற்காக ஊசி போட்டுக்கொள்ள முடியாது.

எதிர்ப்புச் சக்தியால் கரு கலைவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆன்ட்டிஃபாஸ்ஃபோலிப்பிட் சிண்ட்ரோம் என்று ஒன்று உண்டு, ஏ.பி.எஸ். என்பார்கள், அதில் தாயின் எதிர்ப்பொருள்களே நஞ்சுக்கொடியைக் கெடுக்கின்றன. அதற்கு டெஸ்ட் இருக்கிறது, குறைந்த அளவு ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் என்று ஆதாரமுள்ள, அதிகம் செலவில்லாத சிகிச்சையும் இருக்கிறது. என்.கே. ரிப்போர்ட்டுக்குப் பணம் கட்டிய பலரிடம் இந்த ரிப்போர்ட் இருக்காது, அதுதான் வேடிக்கை. அப்புறம், ஆரம்ப மாதங்களில் கலையும் கருக்களில் சுமார் பாதி குரோமோசோம் கோளாறால் கலைபவை. அதில் தாயின் செல்கள் மேல் எந்தக் குற்றமும் இல்லை, அவள் மேலும் இல்லை.

அதனால் முதலில் அக்காவின் ஃபைலை எடுத்து ஏ.பி.எஸ். டெஸ்ட் இருக்கிறதா பாருங்கள். ஒரு முறை பாசிட்டிவ் வந்தால் போதாது, 12 வாரம் கழித்து மறுபடி எடுத்து அப்போதும் பாசிட்டிவ் என்றால்தான் கணக்கு. தைராய்டு, சர்க்கரை, கர்ப்பப்பையின் வடிவத்துக்கான ஸ்கேன், கலைந்த கருவின் குரோமோசோம் ரிப்போர்ட், இவற்றில் எது விட்டுப்போயிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அந்தக் கிளினிக்குக்குப் போகாமல் இன்னொரு மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள். அடுத்த கர்ப்பம் உறுதியானால் பிரஷருக்காக ஆஸ்பிரின் வேண்டுமா என்பதை 12 வாரம் வாக்கில், 16 தாண்டுவதற்குள் கேட்டுவிடச் சொல்லுங்கள். மருந்து ஏற்றுவதற்கு முன்பணம் கட்டியிருந்தால், கொடுக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், திருப்பிக் கேட்டுப் பாருங்கள்.